கல் வெட்டும் முன் பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள்

கேள்வி: திருகோணமலைக் கரையோரக் கிராமம் எங்களுடையது. 2004 சுனாமியில் போனவர்களுக்கு நினைவுத்தூபி கட்ட வெளிநாட்டிலுள்ள எங்கள் பிள்ளைகள் காசு சேர்த்திருக்கிறார்கள். சிற்பியை முதலில் பிடிப்பதா, அனுமதியை முதலில் எடுப்பதா?

பதில்: இரண்டுமே அப்புறம். முதலில் பெயர்ப் பட்டியலை எடுங்கள். தூபி எவ்வளவு உயரம் என்ற சண்டை இரண்டு கூட்டத்தில் ஓய்ந்துவிடும். ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் கோபம் லேசில் ஆறாது.

கிராம உத்தியோகத்தரிடம் உள்ள பதிவில் தொடங்கலாம், அதோடு நிற்க வேண்டாம். அன்று விருந்துக்கு வந்திருந்த உறவுக்காரர், வாடியில் தங்கித் தொழில் செய்த வெளியூர்க்காரர், பெயர் வைக்கும் முன்பே போன கைக்குழந்தை, உடல் கிடைக்காதவர் எல்லாரையும் வீடு வீடாகப் போய்த்தான் கேட்டு எடுக்க வேண்டும். மாதர் சங்கத்தார் போகட்டும். சங்கத் தலைவர் போனால் தேநீர்தான் கிடைக்கும்.

பிறகு பட்டியலைக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கடற்றொழிலாளர் சங்கக் கட்டடம் என்று ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவையும் கட்டித் தொங்கவிடுங்கள். நான் இருந்த ஒரு வேலையில் அவசரத்தில் இதை விட்டுவிட்டோம். திறப்பு நாளில் ஒரு அம்மா மகனின் பெயரை விரலால் தடவிக்கொண்டே வந்தார். முதலெழுத்திலேயே விரல் நின்றுவிட்டது. 'ச' இருக்க வேண்டிய இடத்தில் 'சி'. 'சி'யின் மேலே வெட்டிய அந்த விசிறிக் குறியைக் கல்தூளும் பசையும் வைத்து அடைத்தோம். சாய்வெயிலில் இன்னமும் தெரிகிறது.

அகரவரிசை வேண்டாம். தாய் ஒரு மூலையிலும் பிள்ளை இன்னொரு மூலையிலும் போய்விடுவார்கள். நியூயோர்க்கில் 2011இல் திறந்த செப்டம்பர் 11 தாக்குதல் நினைவிடத்தில் 2,983 பெயர்கள். யார் பக்கத்தில் யார் என்று உறவினரிடம் கேட்டுத்தான் அடுக்கினார்கள். நீங்கள் குடும்பம் குடும்பமாக அடுக்குங்கள். கடைசியில் கொஞ்சம் வெற்றிடமும் விடுங்கள், பிந்தி வரும் பெயருக்கு.

சரி, இடம். காணி யாருடையது என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

வடிவத்தைப் படம் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த இடத்திலேயே மூங்கில் நட்டு, கயிறு கட்டி, ஊரவரை நிற்கவைத்துப் பாருங்கள். டிசம்பர் 26 என்றால் நம் பக்கத்தில் மாரிக்காலம். நிலம் வழுக்கக்கூடாது, தண்ணீர் தேங்கக்கூடாது, வடகீழ்க் காற்றில் சுடர் அணையாதபடி ஒரு மாடம் வேண்டும். சிலை கேட்பவரிடம் இந்த மாடத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள்.

கொங்கிறீற்றுக்குக் கடல்மணல் வேண்டவே வேண்டாம். உப்பில் கம்பி துருவேறி ஊதி வெடிக்கும். எழுத்தைப் பெயின்டால் எழுதாமல் கறுப்புக் கிரனைட்டில் ஆழமாக வெட்டுங்கள். காசில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள்.

காசு தந்தவர் பெயர், திறந்து வைத்தவர் பெயர் எல்லாம் அந்தக் கல்லில் வரவேண்டாம். கூட்டத்தில் யாராவது அடம்பிடித்தால், குழுவை நிலாவெளி வீதியில் உப்புவெளி யுத்த மயானத்துக்கு ஒரு தரம் கூட்டிப்போங்கள். அங்கே அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான்.