படி இறங்கத் தடுமாறுகிறதா? தாடையை இறக்கிப் பாருங்கள்

புது ப்ரோக்ரெசிவ் கண்ணாடி (மேலே தூரப்பார்வை, நடுவே கம்ப்யூட்டர், கீழே படிப்பு என ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறுவது) போட்டு ஒரு வாரமாகியும் படி இறங்கத் தடுமாறுகிறது, கம்ப்யூட்டர் பார்த்தால் கழுத்து வலிக்கிறது என்கிறீர்கள்.

லென்ஸின் கீழ்ப்பகுதி சுமார் 40 செ.மீ. தூரத்தில் வைத்துப் படிப்பதற்கானது. படியோ அதைவிட வெகுவாகத் தள்ளி இருக்கிறது. கண்ணை மட்டும் தாழ்த்தினால் மங்கலாகத்தான் தெரியும். தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, மேல்பகுதி வழியாகப் பாருங்கள், கைப்பிடியையும் விடாதீர்கள். ஓரங்களில் தெரியும் நெளிசல் இந்த லென்ஸின் கூடப்பிறந்தது, போகாது. கண்ணை ஓட்டாமல் தலையைத் திருப்பிப் பழகுங்கள். பழைய கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டால் பழகவே பழகாது.

கழுத்து வலிக்குத் திரையைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்குங்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர்தான் என்றால் அதற்கென்று தனிக் கண்ணாடி வாங்குவதே மேல் என்பேன்.

இன்னொன்று: படிக்கும்போது ஃப்ரேமை விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உடனே எழுத்து தெளிந்தால், லென்ஸ் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது ஃப்ரேம் மூக்கில் சரிகிறது. இரண்டு வாரத்துக்கு மேலும் சரியாகாவிட்டால் பவரை மட்டுமல்ல, கண்மணி மையத்துக்கு எடுத்த அளவையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். லென்ஸில் லேசில் கண்ணுக்குப் படாத குறிகள் பொறித்திருக்கும். அவற்றை வைத்துக் கடையிலேயே பார்த்துவிடலாம்.