எட்டு மாதம், 240 வார்த்தைகள்: பேசும்போது ஒன்றுகூட வரவில்லையே?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி, அப்புறம் பி.காம். ஆங்கிலம் படித்தால் புரியும், பேசத்தான் தடுமாற்றம். தினம் ஒரு ஆங்கில வார்த்தை அனுப்பும் செயலியை போனில் வைத்துக்கொண்டு, எட்டு மாதமாக ஒரு நாள் விடாமல் நோட்டில் எழுதி வருகிறேன். 240 வார்த்தைகள் சேர்ந்துவிட்டன. ஆனால் மேனேஜரிடம் பேசும்போது அவற்றில் ஒன்றுகூட வாயில் வருவதில்லை. தினம் ஒரு வார்த்தை என்பதே தப்பான முறையா?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: முறை தப்பில்லை. எட்டு மாதம் விடாமல் எழுதுவதும் லேசான காரியமில்லை. பலர் பத்தாம் நாளே நோட்டை மூடிவிடுவார்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. எந்த வார்த்தை என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை, செயலி. எழுதிய வார்த்தையை நீங்கள் திரும்பப் பார்ப்பதாகவும் தெரியவில்லை.

செயலிகளுக்கு அலங்காரச் சொற்கள்மேல் ஒரு மோகம். ‘செரண்டிப்பிட்டி’ உங்கள் நோட்டில் அநேகமாக இருக்கும். எதிர்பாராமல் நல்லது ஒன்று கைக்கு வந்து சேர்வது என்று பொருள். 1754-ல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு கடிதத்தில் உருவாக்கிய சொல் அது; இலங்கையின் பழைய பெயர்களில் ஒன்றான செரண்டிப்பிலிருந்து எடுத்தது. கதை ருசியானதுதான். ஆனால் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யக் கடைசி நாள் அன்று அந்தச் சொல்லுக்கு உங்கள் மேஜையில் என்ன வேலை?

பழகாத சொல்லைவிட அரைகுறையாகப் பழகிய சொல்லைப் பிடிப்பது சுலபம், பலனும் அதிகம். ஒரு மெயிலிலோ பில்லிலோ செய்தியிலோ இரண்டு தடவை கண்ணில் பட்டு, ‘ஏதோ இந்த மாதிரி அர்த்தம்’ என்று தாண்டிப் போனீர்களே, அதுதான் இன்றைய வார்த்தை. நாளுக்கு ஒன்று போதுமா என்ற சந்தேகமும் வேண்டாம். ஆங்கிலம் கற்பவர்களுக்கு முக்கியமானவை என்று 1953-ல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட பட்டியலில் இருந்தவை சுமார் 2000 சொற்கள்தான். அவற்றில் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

உங்கள் வேலையிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘பேங்க் ரெக்கன்சிலியேஷன்’ என்று மாதா மாதம் சொல்கிறீர்கள் இல்லையா? அதன் வினைச்சொல் ‘ரெக்கன்சைல்’. ஆபீஸ்களில் பலர் ‘ரீகன்சைல்’ என்பார்கள்; சரியான உச்சரிப்பில் முதல் அசை குறில், அழுத்தமும் அதன்மேல்தான். கேஷ் புக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஒத்துவரவில்லை, இரண்டையும் நேர் செய்கிறீர்கள். சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பி ராசியானாலும் இதே சொல்தான். முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு பக்கத்தை ஒத்துப்போக வைப்பது என்ற ஒரே கருத்து, கணக்கிலும் குடும்பத்திலும். இது பிடிபட்டால் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

கூட வரும் சின்னச் சொல்லையும் சேர்த்தே பிடியுங்கள். ஒன்றை இன்னொன்று ‘வித்’ ரெக்கன்சைல் செய்கிறோம். ‘டு’ வந்தால் அர்த்தம் மாறும்: பிடிக்காத ஒன்றை, சரி, இனி இப்படித்தான் என்று மனதைத் தேற்றி ஏற்றுக்கொள்வது.

நோட்டில் ‘ஆங்கில வார்த்தை, சமம், தமிழ் வார்த்தை’ என்று எழுதுவதை இன்றோடு விடுங்கள். ‘அஃபோர்ட்’ என்பதற்கு ஒற்றைத் தமிழ்ச் சொல் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். ‘ஐ காண்ட் அஃபோர்ட் இட்’ என்று முழுதாக எடுத்தால், ‘எனக்குக் கட்டுப்படியாகாது’ என்று தமிழ் தானாக வந்து நிற்கிறது. வாக்கியத்துக்கு வாக்கியம்தான் ஜோடி.

அடுத்தது மறதி. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். நினைவில் நிற்பது முதலில் மளமளவென்று குறைந்து, பிறகு அந்தக் குறைவு நிதானமாகிறது. ஆகவே எழுதிய மறுநாளே ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அப்புறம் வாரம், மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை விசிட்டிங் கார்டு அளவுக்கு வெட்டி, காலியான பக்கத்தைப் பயன்படுத்துங்கள். ஒரு அட்டையில் ‘கணக்கு ஒத்துவரல, நேர் பண்ணணும்’ என்று நீங்கள் பேசும் தமிழிலேயே எழுதி, அதோடு இன்னொரு அட்டையை முதுகோடு முதுகாக ஒட்டி, அதில் மேனேஜரிடம் சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியத்தை எழுதுங்கள். எப்போதும் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செயலி இதைத் தலைகீழாகச் செய்கிறது: ஆங்கிலத்தைக் காட்டி அர்த்தம் கேட்கிறது. தெருவில் எதிரே வருபவரின் முகம் தெரிகிறது, பேர் மட்டும் நாக்கில் வராமல் நிற்கிறது. உங்கள் 240 வார்த்தைகளும் அந்த நிலையில்தான் இருக்கின்றன.

அட்டைகளைப் போட மூன்று டப்பாக்கள். முதலாவது தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தடுக்கியது முதல் டப்பாவுக்கே திரும்பும். 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய உத்தி இது. போனிலேயே வேண்டும் என்றால் ‘அன்கி’ என்ற செயலி இடைவெளியைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். என்னைக் கேட்டால் முதல் மாதம் அட்டைதான். போனைத் திறந்தால் வார்த்தையோடு முடியுமா என்ன?

சனி, ஞாயிறு புதுச்சொல் வேண்டாம், பழையதைப் புரட்டினால் போதும். தெரிந்ததாக நினைக்கும் சொல்லையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். அப்ரைசலில் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்று வந்தால் இனிப்பு வாங்கலாம். வாடிக்கையாளர் பெயருக்கு எதிரே அதே சொல் இருந்தால் பாக்கி வசூலிக்க போன் போட வேண்டும்.

பழைய நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். இந்த ஞாயிறு பென்சிலோடு உட்கார்ந்து, எட்டு மாதத்தில் செயலிக்கு வெளியே எங்காவது கண்ணில் பட்ட சொற்களுக்கு மட்டும் டிக் போடுங்கள். 240-ல் முப்பதோ நாற்பதோ தேறினால், முதல் டப்பாவுக்கு இரண்டு மாதச் சரக்கு தயார்.