கரியமில வாயுவில் மனிதனின் பங்கு வெறும் 4, 5 சதவீதம்தானே? பிறகு புவி சூடாவதற்கு நாம்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அந்தச் சதவீதம் ஏறக்குறைய சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு.

மண், செடிகொடி, கடல் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 75,000 கோடி டன் கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு, சிமெண்ட் மூலம் நாம் விடுவது 3,700 கோடி டன் அளவில். ஆனால் இயற்கை விட்டதைத் திரும்ப உறிஞ்சியும் கொள்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கில் இந்த உறிஞ்சும் பக்கமே இருக்காது.

நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஹவாயில் உள்ள மவுனா லோவா நிலையத்தில் அறிவியலாளர் சார்ல்ஸ் டேவிட் கீலிங் 1958இல் தொடங்கிய கரியமில வாயு அளவீடு இன்றும் தொடர்கிறது. ஆண்டுச் சராசரிகள் இணையத்தில் இலவசம். 2013இல் 397 பிபிஎம் (அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 397 பங்கு), 2023இல் 421. வித்தியாசம் 24. காற்றில் ஒரு பிபிஎம் என்பது 780 கோடி டன் கரியமில வாயு. பெருக்கினால், பத்தாண்டில் காற்றில் கூடியது சுமார் 18,700 கோடி டன். அதே பத்தாண்டில் எரிபொருளிலிருந்து மட்டும் நாம் விட்டது 35,000 கோடி டன்னுக்கு மேல். நாம் விட்டதில் ஏறக்குறைய பாதிதான் காற்றில் தங்கியிருக்கிறது. மீதி எங்கே? கடலும் காடும் உறிஞ்சிவிட்டன. அதாவது இயற்கை நிகரமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறது, கூட்டவில்லை. கடல்நீரின் அமிலத்தன்மை கூடிவருவதும் அதனால்தான்.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் தவறு வரும். மே மாத அளவை செப்டம்பர் அளவோடு ஒப்பிடக்கூடாது. வடகோளக் காடுகள் கோடையில் உறிஞ்சுவதால் ஆண்டுக்குள்ளேயே 6, 7 பிபிஎம் ஏறி இறங்கும். அடுத்தது, சில அட்டவணைகள் கார்பன் எடையைத் தரும், சில கரியமில வாயுவின் எடையை. முன்னதை 3.67ஆல் பெருக்கினால்தான் பின்னது கிடைக்கும். இதைக் கவனிக்காமல் நடக்கும் சண்டைகள் ஏராளம்.

“மவுனா லோவாவே எரிமலை ஆயிற்றே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எரிமலைப் புகை காற்றோடு வரும்போது அளவு திடீரென்று எகிறும். அந்த மணிநேரங்களைச் சராசரியில் சேர்ப்பதில்லை. எரிமலையே இல்லாத தென்துருவ நிலையமும் இதே ஏற்றத்தைத்தான் காட்டுகிறது. உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்தும் நாம் விடுவதில் சுமார் ஒரு சதவீதம்தான்.

கணக்கை விடுங்கள், கார்பனே அடையாளம் காட்டுகிறது. கார்பனின் கதிரியக்க வகையான கார்பன்-14 சிதைந்து பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியில் அது மிச்சமே இல்லை. நிலக்கரியை எரிக்க எரிக்கக் காற்றில் கார்பன்-14இன் விகிதம் நீர்த்துப்போகும். வேதியியலாளர் ஹான்ஸ் சூயஸ் 1955இல் மர வளையங்களில் இதைக் காட்டினார். (பிறகு வந்த அணுகுண்டுச் சோதனைகள் கார்பன்-14ஐப் பெருக்கிவிட்டதால், 1950க்கு முந்தைய வளையங்களில்தான் இது தெளிவாகத் தெரியும்.) இன்னொரு சான்று, காற்றில் ஆக்சிஜன் மிக நுண்ணிய அளவில் குறைந்துவருவது. எரிபொருள் எரியும்போது ஆக்சிஜன் செலவாகும். எரிமலையோ கடலோ வாயுவை வெளிவிட்டிருந்தால் இப்படிக் குறையாது.

சந்தேகத்துக்கு உண்மையிலேயே இடம் இருப்பது வேறொரு கேள்வியில்: கரியமில வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி கூடும்? ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை 2.5 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை என்கிறது. மேகங்கள் எப்படி மாறும் என்பது முழுதாகப் பிடிபடாததால்தான் இவ்வளவு இடைவெளி. வாதாடுவதென்றால் அங்கே வாதாடலாம்.