பகலும் இரவும் வெப்பம் ஏறி இறங்கினால் பட்டுப்புழுவின் நோய் எதிர்ப்பு குறையுமா?

கேள்வி: பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் பக்கம் புழு வளர்ப்பு மனை வைத்திருக்கிறோம். பிப்ரவரி, மார்ச்சில் பகல் இரவு சராசரி எடுத்தால் 25 டிகிரிதான் வருகிறது. அப்படியும் ஐந்தாம் பருவத்தில், அதாவது நான்காம் தோலுரிப்புக்குப் பிந்தைய கடைசி வளர்ச்சிக் கட்டத்தில், பால்புழு நோய் வருகிறது. வெப்ப மாற்றம் காரணமாக இருக்குமா?

இருக்கும். ஆனால் அதைச் சராசரியில் தேடினால் கிடைக்காது. பெங்களூரில் அந்த மாதங்களில் பகல் 31 முதல் 33, விடியற்காலை 17 முதல் 19. தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்ட மனையில் பகல் சூடு இன்னும் கூடும். உங்கள் புழு 25 டிகிரியில் இருப்பது காலையில் கொஞ்ச நேரமும் மாலையில் கொஞ்ச நேரமும்தான்.

பூச்சிக்கு ஆன்டிபாடி கிடையாது. தோல், குடல், ரத்த அணுக்கள், கிருமிகொல்லிச் சிறுபுரதங்கள், உள்ளே வந்த கிருமியைச் சுற்றிக் கருமை படிய வைக்கும் ஃபீனால் ஆக்ஸிடேஸ் நொதி, இவைதான் அதன் படை. உடல் சூடு அறையின் சூட்டோடு ஏறி இறங்குவதால் இந்த நொதிகளின் வேகமும் கூடவே மாறும். இரவில் குளிர்ந்தால் எல்லாம் மந்தம். தீனி எடுப்பதும் குறையும். பகலில் சூடு அதிகமானால், தன் புரதங்கள் குலையாமல் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் செய்யவே சத்து செலவாகும். ஒரே நாளில் இரண்டையும் சமாளிக்கும் புழுவிடம் கிருமியோடு மோத மிச்சம் குறைவு.

பால்புழு நோய் வைரஸால் வருவது. அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டுப்புழுவின் குடல்நீர் கடும் காரம், பி.எச். 10-ஐ ஒட்டி இருக்கும். பாக்டீரியாவை அடக்க அது நல்லது. ஆனால் இந்த வைரஸின் உறை கரைவதும் அதே காரத்தில்தான். வைரஸைத் தடுப்பதில் குடலின் உட்சவ்வுக்கும், இலைப் பச்சையத்திலிருந்து குடலில் உருவாகும் ஒரு சிவப்புப் புரதத்துக்கும் பங்குண்டு. மதியச் சூட்டில் வாடிய இலையைப் போட்டு, புழு அரைவயிறாகக் கிடந்தால் குடலின் தடுப்பே பலவீனமாகும்.

காட்டுப் பூச்சியாக இருந்தால் இடம் மாறிப் பிழைத்துக்கொள்ளும். பூஞ்சை தொற்றிய வெட்டுக்கிளி வெயிலில் போய் உட்கார்ந்து உடம்பை 40 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக்கொள்ளும். அந்தச் சூட்டில் பூஞ்சை வளராது. பட்டுப்புழு போட்ட படுக்கையை விட்டு நகராது. ஆகவே அந்த வேலையும் உங்கள் தலையில்தான்.

வேண்டிய அளவு: முதல் இரண்டு பருவம் 27, 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். மூன்றாவதில் 26, 80. நான்காவதில் 25, 70 முதல் 75. ஐந்தாவதில் 24, 65 முதல் 70. குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பம் இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்றைப் படுக்கை மட்டத்தில் தொங்கவிடுங்கள். சுவரில் ஆள் உயரத்தில் மாட்டினால் மேல்தட்டின் சூடும் கீழ்த்தட்டின் குளிரும் தெரியாது.

அதிகக் கவனம் நான்காம் தோலுரிப்புக்கு. தோலுரித்து எழுந்த புழுவுக்குத்தான் தொற்று மிகச் சுலபம். அந்த இரவு மனை 18-க்கு இறங்கினால் சில புழு முன்னே, சில பின்னே என்று எழும். முதலில் எழுந்தவை பட்டினி கிடக்கும், அல்லது இன்னும் தோலுரிக்காமல் படுத்திருப்பவை மேல் இலை குவியும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் படுத்ததும் தீனியை நிறுத்திச் சுண்ணாம்புத்தூள் தூவிப் படுக்கையைக் காயவிடுங்கள். அதே அளவு எழுந்த பிறகே படுக்கைக் கிருமிநாசினி, அதன்பின் இலை. தொற்றியதிலிருந்து புழு வெளுத்து வீங்கித் தோல் கிழிய 5 முதல் 7 நாள் ஆகும். அதாவது ஐந்தாம் பருவத்தின் கடைசியில் நீங்கள் பார்ப்பது, பெரும்பாலும் அந்தத் தோலுரிப்பை ஒட்டிப் புகுந்தது. நோய் கண்ணில் பட்ட அன்றைக்கு ஹீட்டர் வாங்கிப் பயனில்லை.

இரவுக்கு: சூரியன் மறையும் முன்பே ஜன்னல் திரையை இறக்குங்கள், குளிர்ந்த பிறகு அல்ல. தெர்மோஸ்டாட் உள்ள மின் ஹீட்டர் போதும். கரி அடுப்பு வேண்டாம்; மூடிய மனையில் அதன் புகை புழுவுக்கும் ஆகாது, உள்ளே வேலை செய்பவருக்கு உயிர் ஆபத்து. பகலுக்கு: கூரைமேல் தென்னங்கீற்று அல்லது வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. இலையை ஈரச் சாக்கு போர்த்தி வைத்து, பெரிய தீனியை மாலைக்குப் பிறகு கொடுங்கள்.

அதிகம் கெடுப்பது, சூட்டைத் தணிக்க மனைக்குள் தண்ணீர் தெளிப்பது. முதிர்ந்த புழுவுக்குச் சூட்டோடு ஈரமும் சேர்ந்தால் ‘சப்பெ ரோகா’, அதாவது ஃப்ளாச்சரி என்ற குடல் நோய். குளிரோடு ஈரம் சேர்ந்தால் ‘சுண்ணகட்டு’, அதாவது மஸ்கார்டின் என்ற பூஞ்சை நோய். ஈரப்பதம் 75-ஐத் தாண்டியிருந்தால் காற்றோட்டம்தான் வழி.

வெப்ப மாற்றம் வைரஸை உண்டாக்காது. புழுவைத் தளர வைக்கும், அவ்வளவே. முந்தைய பேட்சிலிருந்தே வைரஸ் மனையில் இருந்திருக்கலாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர், 30 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு கலந்து தரை, சுவர், தட்டு எல்லாம் நனையத் தெளியுங்கள். திறந்து நாளான பவுடரில் குளோரின் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். நோய்ப்புழுவைக் கோழிக்குப் போடாமல், மனையை விட்டுத் தள்ளிச் சுண்ணாம்போடு புதையுங்கள்.

இத்தனையும் செய்து பகல் உச்சம் 30-க்குக் கீழே வரவில்லை என்றால், மார்ச் முதல் மே வரை எஃப்சி1 × எஃப்சி2 போன்ற இருசந்ததிக் கலப்பினத்தை (ஆண்டுக்கு இரண்டு தலைமுறை தரும் இனங்களின் கலப்பு) விட்டுவிட்டு, மைசூர் நாட்டினம் கலந்த கோலார் கோல்டு வளர்க்கலாம். கூட்டின் விலை குறையும், ஆனால் சூட்டை அது தாங்கும்.