பழைய ஆங்கிலத்தில் வரும் 'தௌ' மரியாதைச் சொல்லா? எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

மரியாதைச் சொல் இல்லை, நேர் எதிர். 'தௌ' என்றால் நீ. இன்று நாம் எல்லோருக்கும் போடும் 'யூ'தான் ஒரு காலத்தில் நீங்கள். பைபிளிலும் ஜெபங்களிலும் மட்டுமே கேட்டுப் பழகியதால் 'தௌ' என்பது ஏதோ 'தேவரீர்' போல ஒலிக்கிறது, அவ்வளவுதான்.

பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066க்கு முந்தைய ஆங்கிலத்தில் எதிரில் ஒருவர் இருந்தால் 'தூ', பலர் இருந்தால் 'யே'. அரசனுக்கும் 'தூ'தான். லத்தீன் 'தூ', ஜெர்மன் 'டூ', சமஸ்கிருத 'த்வம்', இந்தி 'தூ' எல்லாம் இதன் உறவுக்காரர்கள். பிற்பாடு 'ஹூஸ்' என்பது 'ஹவுஸ்' ஆன அதே உயிரொலி மாற்றத்தில் 'தூ' என்பதும் 'தௌ' ஆயிற்று.

மரியாதைக் கணக்கு பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வந்தது. 13ஆம் நூற்றாண்டு முதல், பெரியவர் ஒருவரே ஆனாலும் பன்மையில் அழைக்கும் பழக்கம் பரவியது. நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 'நீங்கள்' என்பதும் பன்மைதானே. 'தௌ' என்பது பிள்ளைகள், வேலைக்காரர்கள், நெருங்கியவர்கள், கடவுள் என்று சுருங்கியது. அந்நியரிடம் சொன்னால் வசை. 1603இல் வால்டர் ராலேயின் ராஜத்துரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் இதை வினைச்சொல்லாகவே ஆக்கி, 'உன்னை நீ என்றுதான் சொல்வேன், துரோகியே' என்ற பொருள்பட ராலேயின் முகத்துக்கு நேரே கத்தினார். அதே நூற்றாண்டில், கடவுள் முன் எல்லோரும் சமம் என்று நீதிபதியைக்கூட ஒருமையில் அழைத்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அதற்காக அடியும் வாங்கினார்கள். யாரிடம் எதைச் சொல்வது என்ற குழப்பத்தில் எல்லோருக்கும் 'யூ' போடுவதே பத்திரம் என்றாகி, பொதுப்பேச்சில் 'தௌ' மறைந்தது.

1611 ஜேம்ஸ் மன்னர் பைபிள் இந்த மரியாதைக் கணக்கைப் பார்க்கவில்லை. மூலமொழிகளைப் பின்பற்றி ஒருவருக்கு 'தௌ', பலருக்கு 'யீ' (பழைய 'யே'தான்), அதன் செயப்படுபொருள் வடிவமான 'யூ', அவ்வளவே. லூக்கா 22:31-32 பாருங்கள்: சாத்தான் புடைக்கக் கேட்டது 'யூ', இயேசு வேண்டிக்கொண்டது 'தீ'க்காக ('தௌ' என்பதன் செயப்படுபொருள் வடிவம்). அதாவது சீடர்கள் அனைவரும் ஆபத்தில், வேண்டுதல் சீமோனுக்கு. தமிழ் பைபிளில் 'உங்களை', 'உனக்காக' என்று இந்த வேறுபாடு அப்படியே நிற்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுமே 'யூ' என்பதால் அடிக்குறிப்பு போட்டால்தான் தெரியும். இதில் நஷ்டம் ஆங்கிலத்துக்குத்தான். 1952இல் முழுமையாக வெளிவந்த திருத்திய பதிப்பு ஒன்று கடவுளை விளிக்கும் இடங்களில் மட்டும் 'தௌ' வைத்துக்கொண்டது. இது மரியாதைச் சொல் என்ற மயக்கம் அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை.

நாடகத்துக்கோ கவிதைக்கோ நீங்களே எழுதுவதானால்: எழுவாய் 'தௌ' (நீ), செயப்படுபொருள் 'தீ' (உன்னை, உனக்கு), உடைமை 'தை' (உன்). அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினாலோ, 'உன்னுடையது' என்று தனித்து நின்றாலோ 'தைன்'. பன்மையில் எழுவாய் 'யீ', செயப்படுபொருள் 'யூ'.

பெரும்பாலோர் சறுக்குவது வினைமுற்றில். 'தௌ' வந்தால் வினை 'எஸ்ட்' அல்லது 'ஸ்ட்' என்று முடியும்: 'கோயெஸ்ட்', 'ஹேஸ்ட்', 'கேன்ஸ்ட்'. 'ஆர்ட்', 'வில்ட்', 'ஷேல்ட்' மூன்றும் விதிவிலக்கு; வெறும் 'ட்'. 'கோயெத்', 'ஹேத்' ஆகியவை படர்க்கை ஒருமைக்கு உரியவை. பழைய வாசனை வரட்டும் என்று 'தௌ ஹேத்' என எழுதினால் அது 'நீ போகிறான்' என்பது போலத்தான் இருக்கும். ஏவலுக்கு விகுதியே வேண்டாம்.

ஆங்கிலக் கடைப் பலகைகளில் பழமை காட்டப் போடும் 'யீ ஓல்ட்' ('அந்தப் பழைய') இந்தக் கணக்கில் சேராது. அங்கே இருப்பது பிரதிப்பெயரே அல்ல, 'தி' என்ற சுட்டு. அதன் முதல் ஒலிக்கு முன்பு 'தோர்ன்' என்று தனி எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது 'ஒய்' போலத் தேய்ந்தது, அச்சுக்காரர்களும் அந்த அச்சு இல்லாததால் 'ஒய்' போட்டார்கள். எழுதியது அப்படி இருந்தாலும் அந்தக் காலத்தில் வாசித்தது 'தி' என்றுதான்.