படத்துக்கு நாலு வரி எழுத நாற்பதாயிரமா?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தபடியே காட்டன் சேலை விற்கிறேன். வேர்ட்பிரஸில் செய்த வெப்சைட். சுமார் 300 படங்கள் இருக்கின்றன. போன வாரம் அடையாறிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். அவருக்குப் பார்வை கிடையாது. “உங்கள் கடையில் எந்தப் படத்தைத் தொட்டாலும் என் போன் ஐ.எம்.ஜி. என்று ஆரம்பித்து நம்பராக ஒப்பிக்கிறது, என்ன சேலை என்றே தெரியவில்லை” என்றார். வெப்சைட் செய்து கொடுத்தவரைக் கேட்டால், வருடத்துக்கு 40,000 ரூபாயில் ஒரு கருவி போட்டால் எல்லாம் சரியாகிவிடும், போடாவிட்டால் கேஸ் வரும் என்கிறார். போடட்டுமா?

பதில்: வேண்டாம். பணம் பீரோவிலேயே இருக்கட்டும்.

அந்த டீச்சரின் போன் என்ன செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள் அதில் ஓடுகிறது. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் போனோடு சும்மாவே வருகின்றன. கம்ப்யூட்டருக்கு என்.வி.டி.ஏ. என்று ஒன்று உண்டு, அதுவும் இலவசம். இவை எழுத்தைப் படிக்கும். படம் வந்தால், அந்தப் படத்தோடு நீங்கள் எழுதி வைத்திருக்கும் மாற்று உரையைத் தேடும். அதைத்தான் ஆல்ட் டெக்ஸ்ட் என்கிறார்கள். தொட்டால் திறக்கும் படத்தில் அது இல்லாவிட்டால், வேறு வழியில்லாமல் பெரும்பாலும் ஃபைலின் பெயரைப் படித்துத் தொலைக்கும். டீச்சர் கேட்ட நம்பர் அதுதான். கேமரா வைத்த பெயரை நீங்கள் மாற்றவில்லை, அவ்வளவே.

வேர்ட்பிரஸில் மீடியா லைப்ரரிக்குப் போய் ஒரு படத்தைத் தொட்டால் ‘ஆல்டர்நேட்டிவ் டெக்ஸ்ட்’ என்று ஒரு காலிக் கட்டம் தெரியும். உங்கள் பிரச்சினை முழுக்க அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. அதில் டைப் செய்ய யாருக்கும் காசு தர வேண்டியதில்லை.

இனி அந்த நாற்பதாயிரம். திரையின் ஓரத்தில் கையை விரித்தபடி நிற்கும் சின்ன மனித உருவம் ஒன்றை ஒட்டுவார்கள். தொட்டால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். கண் தெரியாதவருக்கு எழுத்து பெரிதாகி என்ன ஆகப்போகிறது? குரலில் படிப்பதற்கு அவர் போனிலேயே பழகிய மென்பொருள் இருக்கிறது; சில சமயம் இந்த உருவம் அதற்கு நந்தியாக வந்து நிற்கும். “ஏ.ஐ. தானாகவே படத்தை விவரித்துவிடும் மேடம்” என்பார்கள். விவரிக்கும். ‘சேலை அணிந்த பெண் நிற்கிறார்’ என்று 300 படத்துக்கும் ஒரே வரி. சேலைக் கடையில் அது ஒரு தகவலா? இப்படி ஒரு கருவி விற்ற நிறுவனம், எந்த வெப்சைட்டையும் விதிமுறைக்கு உட்பட்டதாக மாற்றிவிடுவோம் என்று விளம்பரம் செய்ததற்காக அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 10 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது 2025-இல். அங்கே விழுந்த குட்டு இங்கே உறைக்க நாளாகும் போலிருக்கிறது.

கேஸ் பூச்சாண்டியில் பாதி உண்மை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், டிஜிட்டல் சேவை எட்டும்படி இருப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. ஆனால் கருவி ஒட்டினால் தீர்ந்தது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒட்டிய பிறகும் டீச்சருக்கு நம்பர்தான் கேட்கிறது என்றால் நீங்கள் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறீர்கள், நாற்பதாயிரம் குறைவாக.

உங்களை மிரட்டுகிறார்களே, மிரட்ட வேண்டிய இடம் வேறு. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை அறிவிப்பையே, சீல் வைத்த தாளைக் கோணலாக ஸ்கேன் செய்து, படமாக ஏற்றியிருந்தது ஓர் அலுவலகம். நான் போய்ச் சொன்னேன். “ஒரிஜினல் காப்பி அப்படித்தான் சார் இருக்கணும்” என்றார்கள். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சரி, கட்டத்தில் என்ன எழுதுவது? போனில் ஒரு வாடிக்கையாளர் “எப்படி இருக்கும் சொல்லுங்க” என்றால் என்ன சொல்வீர்களோ அதையே. ‘சேலை’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ‘மாம்பழ மஞ்சள் சேலை, இரண்டு விரல் அகல அரக்குக் கரை, உடலெங்கும் சின்னச் சின்னப் புட்டா’ என்றால் சேலை கண்முன் வந்துவிடும். முந்தியை மட்டும் விரித்துக் காட்டும் இரண்டாவது படத்துக்கு, முந்தியைப் பற்றி மட்டும் எழுதுங்கள். ‘இந்தப் படத்தில்’ என்று ஆரம்பிக்காதீர்கள். படம் என்பதை மென்பொருளே சொல்லிவிடும். நிறம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பலருக்கு இடையில்தான் பார்வை போயிருக்கும், மயில் கழுத்து நிறம் அவர்களுக்கு உங்களைவிட நன்றாகவே ஞாபகம் இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லாதவரும் நாலு பேர் நடுவில் உடுத்திப் போகிறவர்தானே. எம்.எஸ். ப்ளூ என்றே எழுதுங்கள், தயங்க வேண்டாம்.

இங்கே இன்னொரு ஆள் வருவார், கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறவர். ‘காட்டன் சேலை சென்னை காட்டன் சேலை விலை பெஸ்ட் காட்டன் சேலை’ என்று அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டுப் போவார். அதை ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மனிதர் காதால் கேட்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. உள்ளே விடாதீர்கள்.

எல்லாப் படத்துக்கும் எழுத வேண்டுமா என்றால், ஒரு விலக்கு உண்டு. அதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள் என்பதால் நிறுத்திச் சொல்கிறேன். பக்கத்தின் மேலே மாவிலைத் தோரணம், ஓரத்தில் கோலம் என்று அழகுக்கு வைத்த படங்களுக்கு ஆல்ட் டெக்ஸ்டைக் காலியாகவே விடலாம். தொட்டால் எங்கும் போகாத படம் என்பதால் மென்பொருள் பேசாமல் தாண்டிப் போகும். ஆனால் அதே கோலத்தைத் தொட்டால் வேறு பக்கம் திறக்கும் என்றால் அது அலங்காரம் இல்லை, கதவு. கதவுக்குப் பெயர் வேண்டும். அங்கே கோலத்தை வர்ணிக்காமல் ‘நவராத்திரிச் சேலைகள்’ என்று எங்கே போகும் என்பதை எழுதுங்கள். சரி, படத்துக்குக் கீழேயே ‘நவராத்திரிச் சேலைகள்’ என்று எழுத்தும் இருந்து, படமும் எழுத்தும் சேர்ந்து ஒரே லிங்க்காக இருந்தால்? அப்போது திரும்பவும் காலியாக விடலாம், இல்லாவிட்டால் ஒன்றையே இரண்டு முறை படிக்கும். படத்துக்கு ஒரு லிங்க், எழுத்துக்கு ஒரு லிங்க் என்று தனித்தனியாக இருந்தால் காலியாக விடக் கூடாது. குழம்பினால் எழுதிவிடுங்கள். இரண்டு முறை கேட்டால் எரிச்சல் வரும், வழியே தெரியாமல் போகாது.

ஆடித் தள்ளுபடி போஸ்டரில் இருக்கும் விலை, தேதி எல்லாவற்றையும் கீழே எழுத்தாகவும் டைப் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அப்படியே. யூனிகோடில், அதாவது போனில் தமிழ் அடிக்கிற அதே முறையில், டைப் செய்யுங்கள். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்ததை ஒட்டினால் மென்பொருள் புரியாத மொழி பேசும்.

முன்னூறையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். நன்றாக ஓடும் முப்பதில் ஆரம்பியுங்கள். முடிந்ததும் டீச்சரைக் கூப்பிட்டு, கடையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் உங்கள் போனிலேயே நீங்களும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி பகுதிக்குப் போய் டாக்பேக்கையும் அதன் ஷார்ட்கட்டையும் ஆன் செய்யுங்கள். ஒருமுறை தொட்டால் படிக்கும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும், நகர்த்த இரண்டு விரல் வேண்டும். நிறுத்த, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்துங்கள். அது தெரியாமல் போன் கெட்டுவிட்டது என்று பயந்து சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே அதற்கும் ஐந்நூறு ரூபாய் கேட்பார்கள்.