ஒன்பது மணி நேரம் வைத்தும் வேகாத ராஜ்மா

கேள்வி: மகன் வெளிநாட்டிலிருந்து, மின்சாரத்தில் குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் ஸ்லோ குக்கர் வாங்கி வந்தான். கால் கிலோ ராஜ்மாவை ஒரு மணி நேரம் ஊறவைத்து, அரைக் கிலோ மட்டன், தக்காளி, மசாலா எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, காலை ஒன்பது மணிக்கு 'லோ'வில் வைத்தேன். மாலை ஆறரைக்குத் திறந்தால் மட்டன் பஞ்சு மாதிரி இருந்தது, ராஜ்மா மட்டும் நறுக்கென்று கடிபட்டது. எட்டு மணிக்குச் சாப்பிட்டோம். பத்து மணிக்கெல்லாம் எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு. விடிவதற்குள் சரியாகிவிட்டது. ராஜ்மா வாயு என்று ஒதுக்கி, கறித்துண்டுகளை மட்டும் சாப்பிட்ட மாமியாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கறிக்கடைக்காரர் பழைய கறியைக் கொடுத்துவிட்டாரா? இந்தக் குக்கரை என்ன செய்வது?
— வாசகி, ஹொரமாவு, பெங்களூரு

பதில்: கறிக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் மாமியார் சாப்பிட்டதும் அதே கறிதான். நீங்கள் மூவரும் சாப்பிட்டு அவர் சாப்பிடாதது ராஜ்மா. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு, சில மணி நேரத்தில் தானாகவே அடங்கியது. அரைவேக்காட்டு ராஜ்மா செய்யும் வேலை அப்படியே இதுதான். இன்னொரு முறை இப்படி ஆகி, வீட்டில் சின்னக் குழந்தையோ வயதானவரோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

ராஜ்மாவுக்குள் லெக்டின் என்று ஒரு புரதம் இருக்கிறது. எல்லாப் பயறிலும் கொஞ்சம் உண்டு, சிவப்பு ராஜ்மாவில் மிக அதிகம். பச்சையாக நாலைந்து விதையை மென்று விழுங்கினாலே வயிற்றைப் புரட்டிவிடும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் இது அழிந்துபோகும். வெறும் சூட்டில் அழியாது. 80 டிகிரி அளவில் சூடாகி நின்றுவிட்ட ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிட ஐந்து மடங்கு வரை வீரியம் காட்டலாம். ஸ்லோ குக்கரில் வைத்த குழம்பை அளந்து பார்த்தபோது, உள்ளே 75 டிகிரிகூட எட்டாத சந்தர்ப்பங்கள் நிறைய இருந்திருக்கின்றன.

மட்டனுக்கு அந்தச் சூடே போதும். நல்லி, கழுத்து, முன்னங்கால் மாதிரி உழைத்த இடத்துக் கறியில் ஜவ்வு அதிகம். எழுபது, எண்பது டிகிரியில் மணிக்கணக்காக இருந்தால் அந்த ஜவ்வு கரைந்து, குழம்பு உதட்டில் ஒட்டுகிற மாதிரி வரும். அதனால்தான் ஒரே சட்டியில் கறி பஞ்சாகவும் ராஜ்மா கல்லாகவும் இருந்தது. ஒன்றுக்கு நிதானம் வேண்டும், இன்னொன்றுக்கு முதலில் கொதி வேண்டும். இரண்டையும் பச்சையாக ஒன்றாகப் போட்டதுதான் தவறு. அது உங்கள் தவறும் இல்லை. "எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு ஆபீஸுக்குப் போங்க மேடம்" என்று சொல்லித்தானே இந்தச் சாதனத்தை விற்கிறார்கள்? எனக்கு வந்த ஒரு குக்கரின் கையேட்டில் பதினோரு மொழிகள் இருந்தன. இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. ராஜ்மாவைப் பற்றி எந்த மொழியிலும் ஒரு வரி இல்லை. விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். ராஜ்மா வாராவாரம் பொங்கித் தின்கிற நாட்டில் இதை விற்பவர்களுக்கு அந்த ஒரு வரியைப் போட மனம் வரவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, செய்யும் முறைக்கு வருவோம். முதல் நாள் இரவே ராஜ்மாவை ஊறப்போடுங்கள். எட்டு மணி நேரமாவது ஊறட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு சேருங்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள், என் அம்மாவும் சொல்வார். உண்மையில் ஊறும்போது உப்பு உதவுகிறது, தோல் மிருதுவாகும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் பெரிய தீயில் கொதிக்கவிடுங்கள். 100 டிகிரியில் பத்து நிமிடம் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் நான் அரை மணி நேரம் என்றே சொல்வேன். பிரஷர் குக்கர் இருந்தால் கவலையே இல்லை, உள்ளே 120 டிகிரி வரை போகும். விசிலை எண்ண வேண்டாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பாருங்கள். திறந்து ஒரு விதையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்குங்கள். தோல் வழுக்கிக்கொண்டு உள்ளே இருப்பது மாவாக நசுங்க வேண்டும். நடுவில் வெள்ளையாகச் சின்ன முண்டு தட்டுப்பட்டால் திரும்ப மூடிவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் ஸ்லோ குக்கர். கறியை வெங்காயம், இஞ்சி பூண்டோடு வாணலியில் நிறம் மாற வதக்கி, கொதிக்கும் தண்ணீர் விட்டு, வெந்த ராஜ்மாவோடு சேர்த்துப் போடுங்கள். ஃப்ரீசரில் கட்டியாக இருக்கும் கறியை அப்படியே போடக் கூடாது, நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பில் கிடக்கும். தக்காளி, புளி, தயிர் எதுவானாலும் ராஜ்மா நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகு. புளிப்பு முந்திக்கொண்டால் பயறு இறுகிவிடும். உங்கள் ராஜ்மா கல்லாக நின்றதில் அந்தத் தக்காளிக்கும் பங்கு உண்டு.

இப்போது தண்ணீர். ஹொரமாவு என்றதுமே எனக்கு இதுதான் தோன்றியது. உங்கள் பக்கம் மாதிரி புறப்பகுதிகளுக்குக் குடிநீர் தர, 2024 அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டத்தைத் திறந்து வைத்தார்கள். ஆனாலும் அடுக்குமாடி சம்ப்பில் காவேரியும் போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் ஒன்றாகத்தான் விழுகின்றன. டேங்கர்காரர் எந்தப் போரில் பிடித்தார் என்று யாருக்கும் தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டார். குழாயில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு பயறின் தோலில் உள்ள பெக்டின் என்ற ஒட்டுப்பொருளைப் பிடித்து இறுக்கிவிடும். குளிப்பதற்கு எந்தத் தண்ணீரோ இருக்கட்டும், ராஜ்மா ஊறவும் வேகவும் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள். அதுவும் இல்லையென்றால் வேகும்போது கால் டீஸ்பூன் ஆப்ப சோடா. கூடினால் சோப்பு வாடை வரும், வைட்டமினும் கொஞ்சம் போகும்.

தண்ணீரும் சரி, கொதியும் சரி, அப்படியும் வேகவில்லையா? அப்போது கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். சூடும் ஈரமும் உள்ள கிடங்கில் ஓரிரு வருஷம் கிடந்த பயறு உள்ளுக்குள் மாறிப்போகும். எத்தனை மணி நேரம் வைத்தாலும் அதன் நறுக்கு போகாது. பழைய சரக்கைப் புதியதோடு கலந்து, எண்ணெய் தடவி மினுக்கி, "புது மால்" என்று நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023-இல் ஜம்முவின் பதர்வா ராஜ்மாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு, சின்னதாகச் சிவப்பாக எது இருந்தாலும் ஜம்மு ராஜ்மா என்று கூடுதல் விலை சொல்லி என்னிடமே விற்கப் பார்த்திருக்கிறார்கள். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் பேக் செய்த மாதம் இருக்கும். எந்த வருஷம் அறுத்தது என்பது இருக்காது, போடச் சொல்லி விதியும் இல்லை. மூன்று வருஷத்துச் சரக்கைப் போன மாதம் பையில் போட்டால் அது போன மாதத்துச் சரக்காகிவிடுகிறது! பயறு வாங்குகிற ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த ஒரு தேதிதான் உபயோகமான தேதி, அதைத்தான் விட்டுவிட்டார்கள்.

அதனால் கடையிலேயே ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைக் கைக்குட்டையில் தேயுங்கள், எண்ணெய்க் கறை தெரியும். ஒரே பையில் கருஞ்சிவப்பும் வெளிர்சிவப்பும் கலந்திருந்தால் வேண்டாம். முதலில் கால் கிலோ மட்டும் வாங்கி, இருபது விதையை ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் மூன்றுக்கு மேல் ஊதாமல் சுருங்கிக் கிடந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

கொண்டைக்கடலை, தட்டைப்பயறு இவற்றுக்கு இவ்வளவு பயம் வேண்டாம், வேகவைத்துப் போட்டால் போதும். பச்சை மொச்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெங்களூரில் இருந்துகொண்டு மட்டனுக்கு ராஜ்மாவையே நம்பி இருக்கத் தேவையில்லை. டிசம்பர், ஜனவரியில் மாகடிப் பக்கமிருந்து இந்த மொச்சைக்காய் (கன்னடத்தில் அவரைக்காய்) மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நகரில் அதற்கென்று மேளாவே நடக்கும். நல்ல காய் என்றால் உரிக்கும்போது விரலில் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டும், கை கழுவின பிறகும் வாசனை நிற்கும். கன்னடக்காரர்கள் அதைச் 'சொகடு' என்பார்கள். அந்த வாசனை இல்லாத காயை எடுக்காதீர்கள். இதை இரவெல்லாம் ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்தால் பிதுக்கம் பருப்பு. இருபது நிமிடக் கொதியில் வெந்துவிடும். ஆகவே இதற்கு முறை தலைகீழ்: மட்டனை மட்டும் ஸ்லோ குக்கரில் ஆறேழு மணி நேரம் வைத்துவிட்டு, பருப்பைத் தனியாகக் கொதிக்கவைத்து, பரிமாறுவதற்கு அரை மணி முன்னால் சேருங்கள். முதலிலேயே போட்டால் கரைந்து கூழாகிவிடும், தேங்காய் அரைத்து விட்டது மாதிரி ஆகிவிடும். ஆனால் காய்ந்த மொச்சை வேறு கதை. அதை ராஜ்மா மாதிரியே ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, கொதிக்கவிட வேண்டும். பச்சைதானே என்று கடைக்காரர் தண்ணீரில் ஊறிய காய்ந்த மொச்சையையும் தள்ளிவிடுவார். தோலில் சுருக்கம் இருந்தால், நகத்தால் கிள்ளும்போது உள்ளே பச்சை இல்லாமல் மஞ்சளாக இருந்தால், அது காய்ந்ததுதான்.

குக்கரைத் தூக்கிப் போட வேண்டாம். கறிக்கும் எலும்பு சூப்புக்கும் அது நல்ல சாதனம். மூடியை அடிக்கடி திறக்காதீர்கள். பகலில் கரண்ட் போய் வந்தால் சில டிஜிட்டல் ரகங்கள் திரும்ப ஓடாமல் அப்படியே நின்றிருக்கும். நீங்கள் வெளியே போயிருந்து, எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டால் அந்தக் குழம்பைக் கொட்டிவிடுங்கள். வீட்டில் மீதம் இருக்கிற அதே பாக்கெட் ராஜ்மாவை வீணாக்க வேண்டாம், இன்று இரவே அதில் இருபது விதையை எண்ணி ஊறப்போட்டுப் பாருங்கள்.